பழையாற்று வடிநிலக் குளத்தொடர்: நாஞ்சில் நாட்டில் நீர்த்தரமும் பூச்சி மேலாண்மையும்

ஆய்வுச்சுருக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் அகத்தீசுவரம், தோவாளை ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டில் வேளாண்மை, குளியல், மீன்வளர்ப்பு, பறவைகளின் வாழிடம் ஆகிய அனைத்தும் ஒரே நீரைச் சார்ந்துள்ளன. அந்நீர் கால்வாயிலிருந்து குளத்திற்கும், குளத்திலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து அடுத்த குளத்திற்கும் செல்வது. இத்தொடரமைப்பில் கழிவுநீர், களைச்செடி, பயிர்ப்பூச்சி ஆகிய மூன்றும் தனித்தனிச் சிக்கல்களாகவே இன்று கையாளப்படுகின்றன. இவை ஒரே நீரோட்டத்தின் வெளிப்பாடுகள் என்பதையும், நீரைத் திறக்கும் காலமும் வடிக்கும் நாளும் மாசுக் கட்டுப்பாட்டின் கருவிகளாக அமையக்கூடும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

குறிச்சொற்கள்: நாஞ்சில் நாடு, பழையாறு, குளத்தொடர், நீர்த்தரம், ஆகாயத்தாமரை, புகையான், தேரூர்

முன்னுரை

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். புறநானூறு குறிப்பிடும் நாஞ்சில் வள்ளுவனின் காலம் முதல், திருவிதாங்கூர் அரசின் நெற்களஞ்சியமாக விளங்கிய காலம் வரை இந்நிலப்பகுதி நெல்லாலேயே அறியப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபோது, இரு பருவமழைகளையும் பெறும் ஒரு பாசன அமைப்பும் உடன் வந்தது. இன்று அப்பாசனப் பரப்பில் பெரும்பகுதி வாழைத்தோட்டமாகவும் தென்னந்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டது. எனினும் கால்வாய்களும் குளங்களும் முழுமையாக மறைந்துவிடவில்லை. மாவட்டத்தில் 2000க்கும் மேற்பட்ட குளங்கள் உள்ளன. வயல் குறைந்தபோது குளத்தின் பயன் குறைந்தது. பயன் குறைந்தபோது கவனிப்பும் குறைந்தது. ஆனால் குளத்திற்கு வந்து சேரும் கழிவின் அளவோ கூடியது. இம்முரணே இப்பகுதியின் சூழலியல் மேலாண்மைக்கு அடிப்படையான வினா ஆகும்.

குளத்தொடரின் அமைப்பு

நாஞ்சில் நாட்டுப் பாசனத்தைப் புரிந்துகொள்ள இரண்டு ஆறுகளை அறிதல் வேண்டும். ஒன்று கோதையாறு. பறளியாற்றுடன் கூடிக் குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கும் இவ்வாறு மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குரியது. மற்றொன்று பழையாறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் தோன்றி, ஒழுகினசேரி வழியாக நாகர்கோவிலின் ஓரம் தொட்டு, சுசீந்திரத்தைக் கடந்து மணக்குடியில் கடலை அடைகின்றது. மேற்கே மழையும் நீரும் மிகுதி. கிழக்கே சமவெளியும் வயலும் மிகுதி. எனவே மேற்கின் நீரைக் கிழக்கிற்குத் திருப்புவதே இங்கு ஆண்ட ஒவ்வோர் அரசின் பணியாகவும் இருந்திருக்கின்றது. பறளியாற்றின் குறுக்கே எழுந்த பாண்டியன் அணையும், அதன் நீரைப் பழையாற்றில் சேர்க்கும் பாண்டியன் காலும் இம்முயற்சியின் தொன்மையான சான்றுகள். 1897இல் தொடங்கி 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை, பொறியாளர் மிஞ்சினின் பொறுப்பில், மூலம் திருநாள் மன்னரின் ஆட்சியில் கட்டப்பட்டது. பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் பின்னர் வந்தன. தோவாளைக் கால்வாய், அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு முதலியன இந்நீரைப் பிரித்தளிக்கின்றன.

கால்வாய் நேரடியாக வயலுக்குப் பாய்வது ஒருபகுதிதான். பெரும்பாலான இடங்களில் அது முதலில் குளத்தை நிரப்புகின்றது. குளத்தின் மடை திறந்து வயலுக்கு நீர் பாய்கின்றது. குளம் நிறைந்தால் மறுகால் வழியாக மிகைநீர் கீழுள்ள குளத்திற்குச் செல்கின்றது. வயலின் வடிநீரும் ஓடைகள் வழியே அங்கேயே சேர்கின்றது. ஆகவே ஒரு குளத்தின் வடிகால், அடுத்த குளத்தின் வரத்துக்கால் ஆகின்றது. இவ்வமைப்பின் நோக்கம் ஒரு துளி நீரையும் ஒருமுறைக்குமேல் பயன்படுத்துவது. நீரை மறுபயன்பாடு செய்யும் எந்த அமைப்பும் அந்நீரிலுள்ள மாசையும் மறுபயன்பாடு செய்யும் என்பதை, கழிவு குறைவாக இருந்த காலத்தில் எவரும் எண்ணிப்பார்க்கத் தேவை இருந்ததில்லை.

இத்தொடரின் கீழ்ப்பகுதியில்தான் தேரூர், சுசீந்திரம் குளங்கள் அமைந்துள்ளன. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் தேரூர் என்பது தமிழறிஞர் அறிந்ததே. பறவையியலாளர் அவ்வூரை அறிந்திருப்பது வேறு காரணத்தால். நடு ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் அமைந்த இக்குளங்கள், 2015இல் அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் மணக்குடிப் பறவைகள் காப்பகத்தின் பகுதியாகும். 2022 ஏப்ரல் 8 அன்று, ஏறத்தாழ 94 ஹெக்டேர் பரப்புள்ள சுசீந்திரம் தேரூர் சதுப்புநிலத் தொகுதியும், ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்புள்ள வேம்பனூர் சதுப்புநிலத் தொகுதியும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகள் இப்பகுதிக் குளங்களின் பெயர்களைச் சுட்டுவதாகவும், ஏறத்தாழ 250 பறவையினங்கள் பதிவாகியுள்ளதாகவும் ஒன்றிய அரசின் 2022 ஆகஸ்ட் மாதச் செய்திக்குறிப்பு தெரிவிக்கின்றது. இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. உலகளாவிய பட்டியலில் இடம்பெற்ற இந்நீர்நிலைகள் இயற்கையாக உருவான ஏரிகள் அல்ல. உழவர்களுக்காக வெட்டப்பட்ட பாசனக் குளங்கள். வயல்களுக்குப் பாயும் நீரே அவற்றைப் பறவைகளின் வாழிடமாக வைத்திருக்கின்றது. காப்பகத்தின் எல்லைக்கல்லை மட்டும் காத்து, மேலுள்ள கால்வாயைக் கைவிடும் பாதுகாப்பு நெடுநாள் நிலைக்காது.

அடைப்புக் காலமும் அடர்த்தியும்

கோதையாற்றுப் பாசனத்தில் வழக்கமாக ஜூன் முதல் நாள் அணைகள் திறக்கப்பட்டு, பிப்ரவரி இறுதியில் அடைக்கப்படுகின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு நெற்பருவங்களும் இக்கால ஒழுங்கிற்கேற்ப அமைந்தவை. கன்னி மாதத்தில் அறுவடையாவது கன்னிப்பூ. கும்பமாகிய மாசியில் அறுவடையாவது கும்பப்பூ. மார்ச் முதல் மே வரை கால்வாய்கள் வறண்டு கிடப்பது பழங்காலம் தொட்டே உள்ள நிலை. அக்காலத்தில் தூர்வாருதலும் மடை செப்பனிடுதலும் நடந்தன.

வீட்டுக் கழிவுநீர் அடைப்புக் காலம் பார்ப்பதில்லை. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. நகரைச் சூழ்ந்த பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் நகரோடு ஒட்டி வளர்ந்துவிட்டன. வீடுகளின் கழிவுநீர் தெருவோர ஓடைக்கும், ஓடை கால்வாய்க்கும் ஆற்றுக்கும் செல்வதே இங்கு நெடுங்கால வழக்கம். ஜூலையில் கால்வாய் நிறைந்து ஓடும்போது இக்கழிவு பெருநீரில் கரைந்து நீர்த்துப்போகின்றது. ஏப்ரலில் அதே அளவு கழிவு வந்தாலும் அதை நீர்க்கச் செய்ய வரத்து நீர் இல்லை. கழிவின் அளவு மாறாதிருக்க, அதன் அடர்த்தி மட்டும் பன்மடங்கு உயர்கின்றது. ஆகவே குளத்தின் நீர்த்தரத்தை ஆண்டுச் சராசரியாகக் குறிப்பிடும் எந்த அட்டவணையும் இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை ஐயத்திற்குரியது. ஈரப்பருவமும் அடைப்புக் காலமும் இரு வேறு நீர்நிலைகளாகவே கொள்ளப்படவேண்டும்.

அளவிடும் நேரமும் இத்தகையதே. களையும் பாசியும் மண்டிய குளத்தில் பகலில் ஒளிச்சேர்க்கையால் கரைந்த ஆக்சிஜன் கூடுகின்றது. இரவில் அதே தாவரங்களும் நுண்ணுயிர்களும் அதை உட்கொள்கின்றன. விடியற்காலையில் ஆக்சிஜன் மிகத் தாழ்ந்து, மீன்கள் வாய்திறந்து மேலே வருவதைக் குளக்கரையில் வாழ்வோர் அறிவர். முற்பகல் 11 மணிக்கு எடுக்கப்படும் மாதிரியில் அக்குளம் நலமுடன் இருப்பதாகவே தோன்றும். மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வேடுகள் பலவற்றில் மாதிரி எடுத்த நாள் குறிக்கப்படுகின்றது, நேரம் குறிக்கப்படுவதில்லை. இக்குறை எளிதில் நீக்கத்தக்கது.

எந்த அளவுகோல்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மேற்பரப்பு நீரை அதன் பயன்பாட்டிற்கேற்ப 5 வகைகளாகப் பகுத்துள்ளது. குளிப்பதற்குரிய இரண்டாம் வகை நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது. 100 மில்லிலிட்டரில் கோலிஃபார்ம் எண்ணிக்கை 500க்கு மேற்படக்கூடாது. மீனுக்கும் காட்டுயிர்க்கும் உரிய நான்காம் வகையில் ஆக்சிஜன் 4 மில்லிகிராம் இருந்தால் போதும். தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாதிருக்கவேண்டும். பாசனத்திற்குரிய ஐந்தாம் வகையில் கோலிஃபார்ம் பற்றியோ ஆக்சிஜன் பற்றியோ வரம்பே இல்லை. மின்கடத்துதிறன், சோடியம் விகிதம், போரான் ஆகிய உப்புசார்ந்த அளவுகளே அங்குப் பார்க்கப்படுகின்றன.

நாஞ்சில் நாட்டுக் குளம் ஒன்றிலேயே இம்மூன்று பயன்பாடுகளும் நிகழ்கின்றன. படித்துறையில் குளிப்பவரும், மீன் குத்தகை எடுத்தவரும், மடைநீர் பெறும் உழவரும் ஒரே நீரைப் பயன்படுத்துகின்றனர். பாசனக் குளம் என்று பெயரிட்டு ஐந்தாம் வகை அளவுகோலைப் பொருத்தினால், கழிவுநீர் கலந்த குளமும் தேர்ச்சி பெற்றுவிடும். எந்தத் துறையின் பதிவேட்டில் எப்பெயரில் இருந்தாலும், மக்கள் இறங்கிக் குளிக்கும் குளம் குளியலுக்குரிய அளவுகோலாலேயே மதிப்பிடப்படவேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஆகாயத்தாமரை: நோயா, அறிகுறியா?

குளங்களைப் பற்றிய பொதுப்பேச்சில் முதலில் இடம்பெறுவது ஆகாயத்தாமரை. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளம் வழியாக இந்தியாவிற்குள் வந்தது. உகந்த சூழலில் ஏறத்தாழ இரு வாரங்களில் தன் பரப்பை இரட்டிப்பாக்கவல்லது. அதன் விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும். செடியின் எடையில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது நீரே. ஆதலின் அதை எந்திரத்தால் வாரி ஏற்றிச்செல்லும் செலவில் பெரும்பகுதி, நீரைச் சுமக்கும் செலவாகவே முடிகின்றது. வாரிய செடியைக் கரையிலேயே குவித்துவிடும் வழக்கமும் உண்டு. அது அழுகி, அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் அடுத்த மழையில் குளத்திற்கே திரும்புகின்றன. செய்த பணி, அடுத்த ஆண்டுச் செடிக்கு உரமிட்டதாகின்றது.

1980களின் தொடக்கத்தில் நியோகெட்டினா என்னும் கூன்வண்டின் இரு இனங்கள் ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்த இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டன. அதே காலத்தில் கேரள நீர்நிலைகளை மூடிய சால்வினியாவிற்கு எதிராகச் சிர்டோபேகசு என்னும் மற்றொரு கூன்வண்டு விடப்பட்டுச் சிறந்த பயன் கிட்டியது. ஆகாயத்தாமரையில் அத்தகைய முழுவெற்றி எல்லா இடங்களிலும் கிட்டவில்லை. இதற்குரிய காரணங்களுள் ஒன்று நீர்த்தரமே. ஊட்டம் மிக்க கழிவுநீரில் செடி வண்டு தின்னும் வேகத்தைக் காட்டிலும் விரைந்து துளிர்க்கின்றது. குளம் ஆண்டுதோறும் வற்றும் இடங்களில் வண்டின் கூட்டமும் அற்றுப்போகின்றது. விதையிலிருந்து செடி மட்டும் மீள்கின்றது. உயிரியல் கட்டுப்பாடு தோற்றது என்று கூறுவதைவிட, கழிவுநீர் நிறுத்தப்படாத குளத்தில் அது தொடங்கவே இல்லை என்று கூறுவது பொருத்தம்.

புகையானும் நீர்முறையும்

நெற்பயிரின் பூச்சிகளுள் நீர் மேலாண்மையோடு மிக நெருங்கிய தொடர்புடையது புகையான். தூரின் அடிப்பகுதியில் சாற்றை உறிஞ்சும் இச்சிறு தத்துப்பூச்சியால் வயல் வட்டவட்டமாகத் தீய்ந்ததுபோல் காய்வதால் இப்பெயர் பெற்றது. தழைச்சத்து மிகுதி, நெருக்கமான நடவு, வடியாத நீர் ஆகியவை இதனைப் பெருக்குகின்றன. இதன் முட்டைகள் இலையுறையின் உள்ளே இருப்பதால் தெளிக்கப்படும் நஞ்சு அவற்றை எட்டுவதில்லை. அந்நஞ்சு எட்டுவது புகையானைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும்தான். பகையற்ற வயலில் முட்டையிலிருந்து வெளிவரும் அடுத்த தலைமுறை முன்னதைவிடப் பெருகுகின்றது. பூச்சிக்கொல்லியால் பூச்சி பெருகும் இவ்விளைவு, 1970களிலும் 1980களிலும் தென்கிழக்காசிய நெல்வயல்களில் விரிவாக ஆராயப்பட்டது. அதன் பயனாக, 1986இல் இந்தோனேசிய அரசு நெற்பயிருக்கான 57 பூச்சிக்கொல்லித் தயாரிப்புகளை ஒரே ஆணையால் தடைசெய்தது. பூச்சிக்கொல்லிக்கான மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் தடைகள் தனித்தனி நஞ்சுகளின்மீது வந்தன. எண்டோசல்பானுக்கு உச்சநீதிமன்றம் 2011 மே மாதம் இடைக்காலத் தடை விதித்தது. தண்டுத் துளைப்பானுக்கெதிராகக் குருணையாகத் தூவப்பட்ட ஃபோரேட் 2020 டிசம்பர் 31 முதல் தடைசெய்யப்பட்டது. குருணை மருந்துகளுக்குத் தேரூர் போன்ற இடங்களில் தனிக் கவனம் தேவை. கார்போஃபியூரான் போன்ற குருணைகள் பறவைகளுக்குக் கொடிய நஞ்சு என்பது பல நாடுகளில் நிறுவப்பட்டது. நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் குளத்தில் தங்குகின்றன. இரை தேடுவதோ வயலில். காப்பகத்தின் எல்லை பறவைக்குத் தெரியாது.

நாஞ்சில் நாட்டிற்கே உரிய கூறு இனித்தான் வருகின்றது. புகையானைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைக்கப்படும் முறைகளுள் முதன்மையானது வயலை இடையிடையே காயவிடுதல். அடுத்தது நடவில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விடுதல். காயவிடுதல் என்பது ஒற்றை உழவர் தம் விருப்பப்படி செய்யக்கூடியதன்று. மேல்வயலின் நீர் கீழ்வயல் வழியே வடியும் ஏலாக்களில் அனைவரும் ஒரே காலத்தில் வடித்தாலன்றி எவர் வயலும் காயாது. மேலும், நீர் மீண்டும் எப்போது வரும் என்னும் உறுதியின்றி எவரும் வடிக்கத் துணியார். முறைப்பாசனம் ஒழுங்காக நடந்த காலத்தில் வடிப்பதும் இறைப்பதும் ஊர்க்கூட்டத்தின் முடிவாக இருந்தன. அவ்வொழுங்கு தளர்ந்தபின், நீரைத் தேக்கி வைத்துக்கொள்வதே உழவருக்குப் பாதுகாப்பாயிற்று. புகையானுக்கும் அதுவே பாதுகாப்பாயிற்று.

நடவுக்காலமும் இதனோடு இணைந்தது. கால்வாயின் தலைப்பகுதியில் ஜூனில் நடவு முடிய, கடைமடையில் நீர் வந்துசேர ஜூலையும் கடந்துவிடுவதுண்டு. தலைப்பகுதியில் பயிர் முற்றும்போது கடைமடையில் இளம்பயிர் நிற்கின்றது. பூச்சிக்குப் பட்டினிக் காலமே இல்லை. அது கால்வாயைத் தொடர்ந்து கீழே இறங்குகின்றது. ஆகவே தெளிக்கும் செலவும் கடைமடை உழவருக்கே மிகுதி. கால்வாயைத் தூர்வாரி இவ்விடைவெளியைச் சில வாரங்கள் குறைப்பது, எந்த மருந்தையும்விடப் பயனுள்ள பூச்சி மேலாண்மையாக அமையக்கூடும். இதனைச் சோதித்தறியத்தக்க இடமும் அருகிலேயே உள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திருப்பதிசாரம் நிலையம் இம்மண்ணிற்கேற்ற நெல் இரகங்களை வெளியிட்டு வருகின்றது. இரக ஆய்வோடு நீர்முறை ஆய்வையும் அது இணைத்துக்கொள்ளுமாயின் பயன் பெருகும்.

தெளித்த நஞ்சு எங்குச் செல்கின்றது என்பதும் வடிக்கும் நாளைப் பொறுத்தது. மருந்து தெளித்த இரண்டொரு நாளில் மழை பெய்தோ, மடை மாற்றியோ வயல் வடிக்கப்பட்டால், அது ஓடை வழியாகக் கீழ்க்குளத்தை அடைகின்றது. ஒருவாரம் நீரைத் தேக்கி வைத்தால், பல சேர்மங்கள் ஒளியாலும் நுண்ணுயிராலும் சிதைவதற்கு இடம் கிடைக்கின்றது. எல்லாச் சேர்மங்களும் இவ்வாறு சிதைவதில்லை என்பதும் உண்மை.

மட்டை அழுகலும் கழிமுகமும்

நாஞ்சில் நாட்டிற்கு மேற்கே, கடலோரத்தில் வேறொரு மாசு உண்டு. 1860இல் திட்டமிடப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய், போக்குவரத்துக்காகத் தொடங்கப்பட்டு முற்றுப்பெறாது நின்றது. அதன் தேங்கிய நீர் பின்னாளில் தேங்காய் மட்டை அழுகவைக்கும் இடமாகப் பயன்பட்டது. மட்டையின் நார்களைப் பிணைக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் பல மாதங்கள் சிதைக்கின்றன. அப்போது நீரின் ஆக்சிஜன் தீர்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்பட்டு, நீர் கறுக்கின்றது. இங்கு மாசு வெளியிலிருந்து வந்ததன்று. கயிறு திரிக்கும் பெண்களின் வாழ்வாதாரத்திலிருந்து எழுந்தது. எனவே தடையாணையைவிட, மட்டையை எந்திரத்தால் உரிக்கும் முறைக்கு மாறுவதும் அம்மாற்றத்தில் அப்பெண்களின் கூலி குறையாமல் பார்த்துக்கொள்வதும் தீர்வின் பகுதிகளாகின்றன.

மணக்குடிக் கழிமுகம் பழையாற்றுத் தொடரின் இறுதிக் கண்ணி. மேலே சேர்ந்த அனைத்தும் இங்கு வந்து கடல்நீரோடு கலக்கின்றன. கழிமுகத்தின் அலையாத்திச் செடிகளும் மீன்குஞ்சுகளும் நன்னீர் வரத்தையே சார்ந்துள்ளன. அவ்வரத்து குறைந்தால் உப்பு உள்ளே ஏறும். அதன் தரம் கெட்டால் மீன்வளம் குன்றும்.

பொறுப்பும் பிரிவும்

1974ஆம் ஆண்டின் நீர்மாசுத் தடுப்புச் சட்டம், 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள் என்று சட்டங்களுக்குக் குறைவில்லை. குளத்தின் மடையும் கரையும் நீர்வளத் துறைக்கு, பறவை வனத்துறைக்கு, கழிவுநீர் உள்ளாட்சிக்கு, வயலில் தெளிக்கும் மருந்து வேளாண்மைத் துறைக்கு, மாதிரி எடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு. மீனுக்கும் தாமரைக்கும் குத்தகை தனி. ஒவ்வொரு துறையும் தன் பணியைச் செவ்வனே செய்தாலும்கூட, குளத்திலிருந்து குளத்திற்கு இறங்கும் நீரை முழுமையாகத் தொடர்ந்து பார்ப்பவர் எவருமில்லை.

இந்நிலையில் குறைந்த செலவில் தொடங்கக்கூடிய பணி, மறுகால்களில் மாதிரி எடுத்தல் ஆகும். குளத்தின் நடுவே எடுக்கும் மாதிரி அக்குளத்தைப் பற்றி மட்டுமே கூறும். வரத்துக்காலிலும் மறுகாலிலும் ஒரே நாளில் எடுக்கப்படும் இரு மாதிரிகள், அக்குளம் மாசைக் குறைத்து அனுப்புகின்றதா, கூட்டி அனுப்புகின்றதா என்பதைக் காட்டும். தொடரின் மேலிருந்து கீழ்வரை இவ்வாறு செய்தால், கழிவு எந்த இடத்தில் நுழைகின்றது என்பது வரைபடம்போல் தெளிவாகும். நாகர்கோவிலைச் சூழ்ந்துள்ள கல்லூரிகளின் வேதியியல், விலங்கியல் துறைகளுக்கு இதற்குரிய கருவிகளும் மாணவரும் உண்டு. தேவைப்படுவது நேரக் கட்டுப்பாடு மட்டுமே: விடியற்காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, கால்வாய் அடைபட்டபின் ஏப்ரல் இறுதியில் ஒருமுறை, ஜூன் திறப்பின் முதல் வாரத்தில் ஒருமுறை. அம்முதல் வாரத்தில், மூன்று மாதம் ஓடைகளில் தேங்கியது அனைத்தையும் புதுநீர் அடித்துக்கொண்டு கீழிறங்குகின்றது. அந்நீர் தேரூர்க் குளத்தை அடையும் நாளில் அதில் என்ன இருக்கின்றது என்பதே முதலில் அளக்கப்படவேண்டியது.